எலி வளையும் தனி வளையும்

"எலி வளையானாலும் தனி வளை வேணும்"னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. தனிக்குடித்தனம், வாடகை வீடு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைன்னு எல்லாத்துக்கும் இதைத்தான் எடுத்து விடுவாங்க. சொன்ன பெரியவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அவர் சுண்டெலி வளைக்குள்ள எட்டிப் பார்த்திருக்க மாட்டார்னு நினைக்கிறேன். பார்த்திருந்தா, ரெண்டு மூணு தாய் எலிங்க தங்களோட குட்டிகளையெல்லாம் ஒரே குவியலாப் போட்டு, எது யார் பெத்ததுன்னு பார்க்காம பால் கொடுக்கிறதைப் பார்த்திருப்பார். பெரும்பாலும் அக்கா தங்கச்சிங்கதான் இப்படிச் சேர்ந்து வளர்க்கும். அசல் கூட்டுக்குடித்தனம்!

"எழுத வேற மேட்டரே கிடைக்கலையா, எலிப் பிரசவம்தான் கிடைச்சுதா?"ன்னு கேக்கப் போறீங்க. காரணம் இருக்கு. வீட்டுல எலி வந்துட்டா நாம செய்யற வேலைகள்ல முக்காவாசி வீண்வேலை. அதுலயும் அந்தப் பசை அட்டை இருக்கே, அது வீண்வேலை மட்டுமில்ல, கொடுமையும் கூட. ரெண்டையும் புரிஞ்சுக்க ஒரு சுண்டெலி எப்படிப் பெத்து வளர்க்குதுன்னு தெரிஞ்சாப் போதும். அதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு என்னால அந்த அட்டையைக் கையால தொட முடியலை.

முதல்ல யாரைப் பத்திப் பேசறோம்னு தெளிவா வச்சுக்குவோம். சாக்கடைப் பக்கம் பூனையையே முறைச்சுப் பார்க்கிற பெருச்சாளி இல்லை. "கீச் கீச்"னு சுவரோரமா ஓடற, மூக்கு நீண்ட மூஞ்சூறும் இல்லை. பிள்ளையார் வாகனம்னு சொல்லிக்கிட்டாலும் மூஞ்சூறு எலி இனமே கிடையாது. கரப்பான், பூச்சி தின்னுற வேற ஜாதி. அதோட குட்டிங்க ஒண்ணு வாலை ஒண்ணு கவ்விக்கிட்டு அம்மா பின்னால ரயில் வண்டி மாதிரி போகும். அது பாட்டுக்குப் போகட்டும், விட்டுடுங்க. நான் சொல்றது அரிசி மூட்டைக்குப் பின்னால, பரண் மேல, ஃபிரிட்ஜுக்கு அடியில குடியிருக்கிற சுண்டெலி. மொத்த எடையே 20 கிராம் சொச்சம்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சுண்டெலி கர்ப்பகாலம் 19 முதல் 21 நாள். மூணு வாரம் கூட முழுசா இல்லை. நாள் நெருங்கும்போது கிடைச்சதையெல்லாம் கொண்டுவந்து கூடு கட்டும். பழைய பேப்பர், பஞ்சு, நூல், நீங்க பத்திரமா மடிச்சு வச்ச பட்டுப்புடவை ஓரம், எதுவா இருந்தாலும் சரி. பல்லால நார் நாராக் கிழிச்சு, கிண்ணம் மாதிரி குழிச்சு, சில சமயம் மேலயும் மூடி வச்சுக்கும். அந்தக் கூட்டோட முக்கியமான வேலை கதகதப்பு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பிரசவம் பெரும்பாலும் ராத்திரியிலதான். சாதாரணமா அஞ்சுலேர்ந்து எட்டுக் குட்டி போடும். ஒவ்வொண்ணும் ஒரு கிராம் சொச்சம். ஆறு குட்டின்னு வச்சாலே தாயோட எடையில கால் பங்குக்குக் குறையாது. 60 கிலோ இருக்கிற ஒரு பெண்மணி 15 கிலோவுக்குப் பிள்ளை பெத்த மாதிரி. மருத்துவச்சி கிடையாது, சுடுதண்ணி கிடையாது. குட்டி வர வர முன்னங்கால்களாலயும் வாயாலயும் தானே இழுத்து எடுத்து, மேல இருக்கிற சவ்வை நக்கி எடுத்து, கொடியைக் கடிச்சு விட்டு, நஞ்சையும் தின்னுடும். அது சத்து. கூடவே ரத்த வாடையும் இல்லாமப் போகும்.

பிறந்த குட்டி எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு அவரைக்கொட்டை அளவு ரோஸ் நிற சதைத்துண்டு. முடி கிடையாது. கண் மூடியிருக்கும். காது தலையோட ஒட்டியிருக்கும். தோல் எவ்வளவு மெல்லிசுன்னா, குடிச்ச பால் வயித்துக்குள்ள வெள்ளையாத் தெரியும். ஆய்வகங்கள்ல குட்டி பால் குடிச்சிருக்கா இல்லையான்னு அந்த வெள்ளைப் பொட்டை வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க.

இந்தக் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடா வச்சுக்கத் தெரியாது. அதுக்குத்தான் அந்தக் கூடு. குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குவிஞ்சு கிடக்கும், மேல அம்மா படுத்துக்கும். அம்மா இரைக்குப் போனா கூடுதான் போர்வை. இன்னொண்ணு சொன்னா ஆச்சரியப்படுவீங்க. இந்தக் குட்டிகளுக்கு ஒண்ணுக்குப் போகக்கூடத் தானாத் தெரியாது. அம்மா அடிவயித்தை நக்கி விட்டாத்தான் வரும். நாள் முழுக்க, ஒவ்வொரு குட்டிக்கும், இதே வேலை.

மூணு நாலு நாள்ல காது மடல் பிரியும். ஒரு வாரத்துல பூனை முடி மாதிரி ரோமம் எட்டிப் பார்க்கும். கண் திறக்க ரெண்டு வாரம் ஆகும். அதுக்கப்புறம் கூட்டு வாசல் வரைக்கும் வந்து, கிடைக்கிறதைக் கொறிக்க ஆரம்பிக்கும். மூணு நாலு வாரத்துல பால்குடி மறந்துடும். ஆக, அந்த முதல் மூணு வாரம் தாய் இல்லைன்னா குட்டி இல்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் இந்தக் குட்டிங்களோட அழுகைதான். கூட்டை விட்டு உருண்டு வெளியே வந்து குளிர்ல கிடக்கிற குட்டி அழும். ஆனா நமக்குக் கேட்காது. நம்ம காதுக்கு எட்டறது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். இதுங்க அழறது 40,000-லேர்ந்து 80,000 வரைக்கும். அதாவது, நம்ம தலைக்கு மேல பரண்ல ஆறு குட்டி சேர்ந்து ராத்திரி முழுக்கக் கத்தினாலும், நாம கீழே நிம்மதியாக் குறட்டை விட்டுக்கிட்டிருப்போம். அம்மாவுக்கு மட்டும் கேட்கும். ஓடிப் போய்க் குட்டியை வாயால கவ்வித் தூக்கிட்டு வந்து கூட்டுல போடும்.

குட்டி போடாத பெண் எலி கிட்ட இதே அழுகை ஒண்ணும் செய்யாது, பெரும்பாலும் கண்டுக்காது. ஆனா அதையே ஒரு தாய், குட்டிங்களோட சில நாள் சேர்த்து விட்டா, இதுவும் தூக்கிட்டு வரக் கத்துக்குது. நியூயார்க் பல்கலைக்கழகத்துல ராபர்ட் ஃப்ரோம்கேயோட குழு 2015-ல இதைப் பத்தி எழுதினாங்க. மூளையில ஒலியைக் கவனிக்கிற பகுதியில ஆக்ஸிடோசின் வேலை செய்யறதாலதான் அந்த அழுகை "நம்மளைக் கூப்பிடுது"ன்னு எலிக்குப் படுதுன்னு கண்டாங்க. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில பிரசவ வலி வர்றதுக்கு ஊசியாப் போடறாங்களே, அதே ஆக்ஸிடோசின்தான். அதே குழு 2021-ல இன்னொண்ணும் பார்த்தது. கூட இருக்கிற சின்னவ சும்மா திரிஞ்சா, தாய் எலி அவளை விரட்டி விரட்டிக் கூட்டுப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போகுமாம். "போய்ப் பிள்ளையைப் பாருடி"ன்னு அதட்டற பெரியம்மா ஞாபகம் வரலையா? :-)

அப்பா எலி? அவர் கதை கொஞ்சம் வில்லங்கம். தனியாத் திரியற ஆண் எலி பெரும்பாலும் குட்டியைப் பார்த்தாக் கொன்னுடும். ஆனா ஒரு பெண்ணோட சேர்ந்து, அவ பிரசவிக்கிற நாள் நெருங்க நெருங்க அந்த வெறி அடங்கிப் போய், குட்டிகளை அணைச்சுப் படுத்துக்க ஆரம்பிக்கும். ஹார்வர்டுல கேத்தரின் தூலாக்கும் அவங்க குழுவும் 2014-ல இதுக்குப் பின்னால இருக்கிற நரம்புச் செல்களை அடையாளம் காட்டினாங்க. அந்தச் செல்களைத் தூண்டி விட்டா, குட்டியைக் கடிக்க வந்த ஆண் எலியே குட்டியை நக்கிக் கொடுக்க ஆரம்பிச்சுது. அப்பனாகிற புத்தி ஏற்கெனவே உள்ளே இருக்கு, எழுப்பத்தான் ஆள் வேணும்னு அர்த்தம்.

இவ்வளவு பாசமா இருக்கேன்னு உருகி நிக்க வேண்டாம். இப்ப கணக்குக்கு வருவோம்.

பிரசவமான 24 மணி நேரத்துக்குள்ளயே அந்தத் தாய் மறுபடியும் சினையாக முடியும். மடியில ஆறு, வயித்துல ஆறு. பால் கொடுத்துக்கிட்டிருந்தா வயித்துக்குள்ள இருக்கிறது கொஞ்ச நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். வருஷத்துக்கு அஞ்சுலேர்ந்து பத்து ஈத்து. பிறந்த பெண் குட்டிங்க ஆறு எட்டு வாரத்துல தாயாகத் தயார். காகிதத்துல கணக்குப் போட்டா ஒரு ஜோடி வருஷக் கடைசியில ஆயிரக்கணக்குல போய் நிக்கும்.

ஆனா எந்த வீட்டுலயாவது ஆயிரம் எலி இருக்கா? இல்லையே. ஏன்? சோறு இல்லை, ஒளிய இடம் இல்லை, பூனை, நோய், நெரிசலானா ஒண்ணுக்கொண்ணு குட்டிகளைக் கொல்றது. ஒரு வீட்டுல எத்தனை எலி இருக்கும்ங்கிறதை முடிவு பண்றது நாம வச்ச பொறி இல்லை. நாம இறைச்சு வச்ச சாப்பாடும், விட்டு வச்ச ஓட்டையும்தான். நாலைப் பிடிச்சுக் கொன்னா, மிச்சம் இருக்கிறதுக்குச் சாப்பாடு கூடுதலாக் கிடைக்கும், அடுத்த ஈத்துல கூடுதல் குட்டி பிழைக்கும். காலியான இடத்துக்குப் பக்கத்து வீட்டு எலியும் வரும். "மாசா மாசம் பிடிக்கிறேன், குறையவே மாட்டேங்குது"ன்னு புலம்பற எல்லார் வீட்டுலயும் இதுதான் நடக்குது. தண்ணிக்குழாயை மூடாம தரையைத் துடைச்சுக்கிட்டே இருக்கோம்.

இப்ப பசை அட்டைக்கு வர்றேன். மத்த பொறியிலாவது ஒரு அடியில உயிர் போகும். இதுல போகாது. கால் ஒட்டிக்கும், இழுத்தா வயிறு ஒட்டிக்கும், ரோமமும் தோலும் பிய்யும், சிலது தன் காலையே கடிக்கும். தண்ணியில்லாம, களைச்சு, மூக்குல பசை அடைச்சு, மணிக்கணக்கா, சில சமயம் நாள் கணக்காச் சாகும். நாம என்ன பண்றோம்? பார்க்கச் சகிக்காம அட்டையை அப்படியே மடிச்சு உயிரோட குப்பையில போடறோம். அதை மறுநாள் காலையில கையால எடுக்கப் போறது குப்பை அள்ள வர்ற தூய்மைப் பணியாளர். கடி, மூத்திரம், நோய் எல்லாம் அவங்க தலையில. இதைப் பத்தி நாம யோசிக்கிறதே இல்லை.

அட்டையில ஒட்டினது பால் கொடுக்கிற தாயா இருந்தா, கணக்கு ஒண்ணோட முடியாது. அங்கே அட்டையில ஒண்ணு, இங்கே பரண்ல ஆறு. அந்த ஆறும் நமக்குக் கேட்காத குரல்ல கத்திக் கத்தி, குளிர்லயும் பசியிலயும் அடங்கும். நாலு நாள் கழிச்சு "எங்கேயிருந்துடா இந்த நாத்தம்"னு வீடெல்லாம் தேடுவோம்.

இது ஏதோ இளகின மனசுக்காரனோட புலம்பல்னு நினைக்காதீங்க. இந்திய விலங்குகள் நல வாரியம் 2011-லயும் 2020-லயும் இந்தப் பசைப் பொறிகளுக்கு எதிரா மாநிலங்களுக்கு எழுதியிருக்கு. இங்கிலாந்துல 2022-ல சட்டமே போட்டு, 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் இதை வைக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. வேல்ஸ்ல 2023 அக்டோபர்லயே தடை. அங்கேயும் எலி இருக்கு, அங்கேயும் ஜனங்க அரிசி பருப்பு வாங்கி வைக்கிறாங்க. குடி முழுகிப் போயிடலை.

விஷம்? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டைப் பத்திச் சொல்லவே வேண்டாம். மாற்று மருந்து கிடையாது, கல்லீரலைத் தின்னுடும். தமிழ்நாட்டுல அது எலியை விட மனுஷங்களை எடுத்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். வீட்டுல சின்னப் பிள்ளை இருந்தாலும் இல்லாட்டியும் அது வேண்டாம். ரத்தம் உறையாமப் பண்ற கேக் மாதிரி விஷங்கள் தின்ன எலி சாக சில நாள் ஆகும். அதுக்குள்ள வெளியில போய் ஒரு கூகை கண்ணுல பட்டா, அந்த விஷம் கூகைக்கும் போகும். ராத்திரியெல்லாம் இலவசமா எலி பிடிச்சுக் கொடுக்கிற ஆளையே கொன்னுட்டு, மறுநாள் இன்னொரு பாக்கெட் விஷம் வாங்கறது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

"நோய் வருமேய்யா, எலிக்காய்ச்சல் வந்தா நீயா வந்து பார்ப்பே?" நியாயமான கேள்வி. எலி மூத்திரம் பட்ட தண்ணி, சாப்பாடு எல்லாம் ஆபத்துதான். வீட்டுக்குள்ள எலி இருக்கக் கூடாதுங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எலியோட சேர்ந்து வாழுங்கன்னு உபதேசம் பண்ண வரலை. வெளியேத்தணும். எப்படிங்கிறதுதான் கேள்வி.

போன வருஷம் எங்க வீட்டுப் பரண்ல, பழைய வாரப் பத்திரிகைகள் இருந்த அட்டைப்பெட்டியில ஒரு கூடு. தொடர்கதைகளையெல்லாம் நார் நாராக் கிழிச்சு மெத்தை போட்டிருந்தது. நடுவுல ஏழு. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா "வாளித் தண்ணியில போட்டுடுங்க தம்பி"ன்னாங்க. கீழேயிருந்து அம்மா, "பச்சப்புள்ளைங்கடா, அப்படியே வச்சிட்டு இறங்கு"ன்னாங்க. இதே அம்மாதான் ரேஷன் அரிசியில எலிப்புழுக்கை பார்த்துட்டு ஒரு வாரமா எலி வம்சத்தையே திட்டிக்கிட்டிருந்தவங்க. பெட்டியை மூடி வச்சிட்டேன். மறுநாள் காலையில பார்த்தா கூடு காலி. ராத்திரியோட ராத்திரியா ஏழையும் ஒவ்வொண்ணா வாயில கவ்வி எங்கேயோ மாத்திட்டா மகராசி. ஆள் கண்ணுல பட்டுட்டா இடம் மாத்திக்கிறது அதுங்க வழக்கம்.

அதுக்கப்புறம் நாங்க செஞ்சது இவ்வளவுதான். அரிசி, பருப்பு, கடலை எல்லாம் மூடி இறுக்கமான தகர டின்னுக்குள்ள போச்சு. ராத்திரி பாத்திரம் கழுவாமப் படுக்கிறதில்லை. குப்பைக்கூடைக்கு மூடி. ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு கிராம் தீனி போதும். கேஸ் அடுப்புக்கு அடியில சிந்தின வடைத் தூளே ஒரு வேளைச் சாப்பாடு. அதனால இது கொஞ்சம் கறாராச் செய்ய வேண்டிய வேலை. ஒரு மாசம் போனப்புறம், குட்டிங்க எங்கேயிருந்தாலும் ஓடற வயசுக்கு வந்திருக்கும்ங்கிற கணக்குல, ஓட்டைகளை அடைச்சோம். பென்சில் நுழையற ஓட்டை போதும், சுண்டெலி நுழைஞ்சுடும். வெறும் சிமென்ட்டை அது இறுகறதுக்கு முன்னால பறிச்சுடும். அதனால பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணிச்சு, மேல சிமென்ட் பூசணும். கதவுக்கடி இடைவெளிக்கு ஒரு தகரப் பட்டை. பரணைச் சுத்தம் பண்ணும்போது கையுறை, முகமூடி போட்டுக்கிட்டு, புழுக்கை மேல முதல்ல பிளீச்சிங் தண்ணி தெளிச்சு ஊறவிட்டுத் துடைங்க. காய்ஞ்சதைத் துடைப்பத்தால பெருக்கினா தூசி மூக்குக்குள்ள போகும். அவசரப்பட்டு முதல்ல ஓட்டையை அடைச்சா, குட்டி உள்ளே, தாய் வெளியேன்னு ஆகும். அவ சும்மா இருக்க மாட்டா, புது ஓட்டை போடுவா. சாப்பாட்டை முதல்ல மூடு, ஓட்டையைப் பிறகு மூடுங்கிறதுதான் சரியான வரிசை.

கூண்டு வச்சுப் பிடிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்கிக் கொண்டுபோய் அடுத்த தெருவுல விடறதுக்கு முன்னால கூண்டைத் தூக்கி அடிவயித்தைப் பாருங்க. முலைக்காம்பைச் சுத்தி முடி உதிர்ந்து, காம்பு எடுப்பாத் தெரிஞ்சா, வீட்டுக்குள்ள குட்டி இருக்கு. மொத்தம் அஞ்சு ஜோடிக் காம்பு, தேடிக் கஷ்டப்பட வேண்டாம். அப்போ கூட்டைத் தேடிக் கண்டுபிடிச்சுக் குட்டிகளோட சேர்த்து வெளியேத்தப் பாருங்க. "எலிக்கு இவ்வளவு சீராட்டா?"ன்னு சிரிப்பீங்க. சிரிங்க, பரவாயில்லை. நாலு நாள் கழிச்சு வர்ற நாத்தமாவது மிச்சம்.

கொன்னுதான் ஆகணும்கிற நிலைமை சில இடத்துல வரும். அங்கே ஒரே அடியில முடியற பொறியை வைங்க, காலையில எழுந்ததும் முதல் வேலையாப் போய்ப் பாருங்க. கொல்றது ஒரு விஷயம், சித்திரவதை பண்றது வேற விஷயம். ரெண்டுக்கும் நடுவுல கோடு போடத் தெரியணும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு பசை அட்டை. அதை வாங்காதீங்க, தெரிஞ்சவங்க வாங்கினாலும் காரணத்தைச் சொல்லித் தடுங்க. ஒரு எலியைப் பிடிச்சோம்கிற திருப்தியைத் தவிர அதால வேற லாபம் ஒண்ணும் கிடையாது. அந்தத் திருப்தியும் அடுத்த ஈத்து வரைக்கும்தான்.

உங்க வீட்டுல எலிக்கு என்ன வழி பண்றீங்க? வேலைக்கு ஆனது, ஆகாதது ரெண்டையும் சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: இது வீட்டு எலிக்கு மட்டும். வயல்ல எலியால ஒரு போக நெல்லையே பறிகொடுத்து நிக்கிற விவசாயிக்கு அறிவுரை சொல்ற தகுதி, தகர டின்னுல அரிசி வச்சிருக்கிற எனக்குக் கிடையாது.